பந்தை உதைக்க டேக்வாண்டோ எதற்கு?

"பையன் ஃபுட்பால் ஆடுறான். கூடவே கராத்தே, டேக்வாண்டோன்னு ஏதாவது ஒண்ணுல சேர்த்துவிட்டா உதையில பலம் கூடுமா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். கூடும், கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக்கூடிய சமாசாரம் இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஸ்லாடன் இப்ராஹிமோவிச். ஸ்வீடன்காரர். மால்மோ நகரத்தில் சின்ன வயதிலேயே டேக்வாண்டோ கற்றவர். 2010இல் இத்தாலியின் தேசிய டேக்வாண்டோ அணி அவருக்குக் கௌரவக் கறுப்புப் பட்டை கொடுத்தது.

அவருடைய கோல் ஒன்றை மட்டும் பார்ப்போம். 2018 செப்டம்பர் 15, கனடாவின் டொரண்டோ. லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி அணிக்கு ஆடுகிறார், வயது 36. தூக்கிப் போட்ட பந்து அந்தரத்தில் வருகிறது. நெஞ்சில் வாங்கி இறக்க நேரமில்லை. ஓடிய ஓட்டத்திலேயே உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, வலது காலை உயரத் தூக்கிப் பந்தை வலைக்குள் திருப்பிவிட்டார். அவருடைய 500ஆவது கோல் அது. (கேலக்ஸி அந்த ஆட்டத்தில் 3-5 என்று தோற்றது தனிக்கதை.)

மற்றவர்களுக்கு ஏன் இது வருவதில்லை? தொடையில் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் யாருக்கும் தொடைப் பலத்தில் குறைவில்லை. தடை இடுப்பில் இருக்கிறது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் பந்துக்கிண்ண மூட்டு எத்தனை தூரம் திறக்கிறது, திறந்த நிலையிலும் அங்கே தசைக்கு எத்தனை பிடிப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. கால்பந்துக்காரர்கள் பலருக்குத் தொடையின் உள்பக்கத் தசையும் பின்தொடைத் தசையும் இறுகிப்போயிருக்கும். அடிக்கடி இழுத்துக்கொள்வதும் அவைதான்.

டேக்வாண்டோவில் 'டோல்யோ சாகி' என்று ஒரு உதை உண்டு. மெதுவாகச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். முதலில் முழங்கால் மடங்கியபடி மேலே வரும். தரையில் ஊன்றிய பாதம் திரும்பும். அதோடு இடுப்பு புரளும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி கடைசியில்தான் சாட்டையைச் சொடுக்கினாற்போல் நீளும். இப்போது நல்ல ஷாட் ஒன்றைக் கவனியுங்கள். பந்துக்குப் பக்கத்தில் ஒரு கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, தொடை முன்னே வருகிறது. தொடையின் வேகம் அடங்கும் நேரத்தில் கீழ்க்காலின் வேகம் எகிறுகிறது. பெரிய மூட்டு முதலில், சின்ன மூட்டு கடைசியில். இரண்டிலும் வரிசை ஒன்றுதான். "ஓங்கி அடிடா" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதால் இந்த வரிசை வந்துவிடாது. தற்காப்புக் கலை வகுப்பில் ஒரே உதையைத் திரும்பத் திரும்ப மெதுவாகப் போட வைக்கிறார்களே, அதில் வரும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். டேக்வாண்டோவில் உதைத்த காலை உடனே மடக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். கால்பந்தில் பந்தைத் தொட்ட பிறகும் கால் முன்னே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதே பழக்கத்தோடு மைதானத்துக்கு வந்தால் ஷாட் பாதியில் செத்துப்போகும். அங்கே கற்றதை இங்கே மாற்றிப் போட, பந்தோடு தனிப் பயிற்சி இல்லாமல் முடியாது.

உதைக்கிற காலைப் பற்றியே பேசுகிறோம். ஊன்றுகிற கால்தான் பாதி வேலையைச் செய்கிறது. ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்பதைக் கால்பந்து உலகமே தனியாகப் பயிற்சியில் சேர்த்துவிட்டது. ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற வார்ம்-அப்பில் 15 பயிற்சிகள், 20 நிமிட வேலை. ஓட்டம், வயிற்று-இடுப்பு பலம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல் எல்லாம் அதில் அடக்கம். நார்வேயில் இளம் பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. செலவில்லாத இந்த 20 நிமிடத்தையே ஒழுங்காகச் செய்யாத அணி, கராத்தே மாஸ்டரைத் தேடிப் போவது வீண் வேலை என்பேன்.

அப்படியானால் அந்த வகுப்புகளில் மட்டும் கிடைப்பது எது? விழும் வித்தை. ஜூடோவில் 'உகெமி' என்பார்கள். ஆளைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே இதைக் கற்றுத்தருவார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் பின்தலை தரையில் அடிபடாது. விறைத்த கையை ஊன்றாமல், முழுக் கையாலும் தரையை அறைந்தபடி விழுந்தால் அடி ஒரே இடத்தில் இறங்காது. தலையால் முட்டப் போய் அந்தரத்தில் இடிபடுகிறவனும், பாய்ந்து விழுகிற கோல்கீப்பரும் கையை நீட்டி ஊன்றித்தான் மணிக்கட்டையும் கழுத்துப்பட்டை எலும்பையும் உடைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கால்பந்துப் பயிற்சியிலும் விழுவதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் கவசம் என்று நம்பிவிடாதீர்கள். 2017 ஏப்ரலில் ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிராக ஆடியபோது, குதித்து இறங்கிய இப்ராஹிமோவிச்சின் முழங்கால் பின்பக்கமாக வளைந்து தசைநார் கிழிந்தது. கறுப்புப் பட்டை காப்பாற்றவில்லை. உயர்ந்த கால் எதிராளி மேல் பட்டால் ஃபவுல் என்பதும் நினைவிருக்கட்டும். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ நெஞ்சில் பூட்ஸோடு உதைத்தார். நடுவர் மஞ்சள் அட்டையோடு விட்டது அவர் அதிர்ஷ்டம்.

ஆகவே, பையனைச் சேர்க்கலாம். சின்ன வயதாக இருந்தால் இன்னும் நல்லது. இடுப்பு இறுகுவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மேட்ச்சுக்கு முந்தின நாள் வேண்டாம். சேர்க்கும் முன் மாஸ்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "விழறதுக்கு முதல்ல சொல்லித் தருவீங்களா?" ஆமாம் என்றால் பணத்தைக் கட்டுங்கள். முதல் வாரமே ஓடு உடைக்கலாம் என்று ஆசை காட்டினால், டீக் காசு மிச்சம் என்று திரும்பி வந்துவிடுங்கள்.