துவிச்சக்கரவண்டியில் மூன்று நாள்

துவிச்சக்கரவண்டி ஓட்டத் தெரியாதவரை வன்னி நிலத்திலே காண்பது அரிது. வயலுக்குச் செல்வதும், பள்ளிக்குச் செல்வதும், சந்தைக்குச் செல்வதும் அதிலேதான். ஆயினும் ஒருவர் துணை எவருமின்றி அவ்வண்டியிலேயே பல நாள் தொடர்ந்து பயணஞ் செய்தார் என்றால், அஃது ஏதோ மேல்நாட்டாரின் விநோதப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோரே பலர். அத்தகைய பயணத்தின் நுட்பங்கள் யாவை, அதிலே இறங்குவோர் பெரும்பாலும் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்பவற்றை, கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையிலிருந்து புறப்பட்டு மூன்றாம் நாள் அவ்வூருக்கே திரும்பும் ஒரு வட்டப் பாதையைக் கொண்டு விளக்குவது எளிது.

மேல்நாட்டார் இதிலே முந்திக்கொண்டனர் என்பது உண்மையே. தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்பிரலில் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து தனியே புறப்பட்டு, 1886 டிசம்பரில் யப்பானின் யொக்கோகாமாவில் தம் உலகப் பயணத்தை முடித்தார். அவர் ஏறிச் சென்றது முன்சில்லு ஆளுயரத்துக்கு அண்மித்ததாயும் பின்சில்லு மிகச் சிறிதாயும் அமைந்த பழைய வண்டி. மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், இரவிலே கூடாரமாகவும் பயன்பட்ட மழையங்கி ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று. அவருடைய மூட்டை ஏறக்குறைய அவ்வளவே. லாகூரிலிருந்து கல்கத்தா வரையுள்ள பெருவழியும் அவர் மிதித்துச் சென்ற வழிகளுள் ஒன்று.

அயர்லாந்துப் பெண்மணி டேர்வ்லா மேர்பியின் கதை இன்னும் பயனுடையது. பத்தாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த பழைய வண்டியும் பழைய தேசப்படப் புத்தகமுமே அவர் உள்ளத்தில் இந்தியப் பயண ஆசையை விதைத்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1963 ஜனவரியில், ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்து கிடந்த வேளையிலே புறப்பட்டார். ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அவ்வாண்டு யூலையில் டில்லி சேர்ந்தார். நாள்தோறும் அவர் எழுதி வந்த குறிப்புகள் 1965இல் நூலாயின. புறப்படுமுன் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. ஆசியாவின் கரடுமுரடான வீதிகளுக்குத் தாங்காது என்று, தம் வண்டியிலிருந்த மூன்று வேகப் பற்சில்லுப் பொறியைக் கழற்றி எறிந்துவிட்டார். பழுதடையக்கூடிய உறுப்பு ஒன்று குறைந்தால் நடு வழியில் நிற்கவேண்டிய காரணம் ஒன்று குறைகிறது. மேடு பள்ளம் மிகுதியில்லாத வன்னியிலே, வீட்டுக்கு வீடு நிற்கும் சாதாரண லுமாலா வண்டியே போதுமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெடும்பயணத்தைக் கிலோமீற்றரால் அளப்பது புதியவர் செய்யும் முதற் பிழை. அதனை நாளால் அளக்கவேண்டும். சுமையேற்றிய வண்டி சமதரையிலே மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீற்றர் வரை செல்லும். அப்படியாயின் எட்டு மணி நேரத்தில் நூறு கிலோமீற்றர் கடக்கலாமே என்று காகிதத்தில் கணக்கிடுவது எளிது. முதல் நாள் அவ்வாறே கடந்துவிடவும் கூடும். இரண்டாம் நாட் காலை ஆசனத்திலே அமர முடியாது, முழங்கால் மடங்காது. தனியே செல்பவருக்கு இது வெறும் உடல் நோவன்று. ஊரிலிருந்து நூறு கிலோமீற்றர் விலகி, உதவிக்கு ஆளில்லாமல் நிற்கும் நிலை அது. ஆகையால் மறுநாளும் அதே அளவு செல்லத்தக்க தூரம் எதுவோ, அதுவே ஒரு நாளுக்கு உரிய தூரம். பழக்கமில்லாதவர்க்கு அது ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டலாகாது. இங்கு கூறப்படும் வட்டம் மொத்தம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். முதல் இரு நாளும் ஐம்பது ஐம்பதாகவும், மூன்றாம் நாள் நாற்பதாகவும் அது பிரிகிறது.

எந்தத் திசையாகச் சுற்றுவது என்பதைக் காற்றே தீர்மானிக்கவேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது; எதிர்க்காற்றிலே செல்வது அவ்வேகத்தையும் சேர்த்து மிதிப்பதற்கு ஒப்பாகும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. வாடை வடகிழக்கிலிருந்து வருவது. மாசி, பங்குனியில் மாரி ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், கோடையின் கொடுமை இன்னும் தலைகாட்டியிராது, வாடையின் எச்சமும் வீசும். அப்பொழுது கிழக்கே முல்லைத்தீவு சென்று, அங்கிருந்து மாங்குளத்துக்கு மேற்கே திரும்பினால், நிழலும் கடையும் குறைந்த இரண்டாம் நாட் பாதையிலே காற்று முதுகைத் தள்ளும். சோளக காலத்தில் இதே வட்டத்தை மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்காகத் திருப்பிவிடுதல் வேண்டும்.

சுமையைப் பற்றி வன்னியாருக்குக் கற்பிக்க எவருக்கும் தகுதியில்லை. 1990களில் எரிபொருள் அருகிப்போன ஆண்டுகளிலே விறகும் நெல்மூட்டையும் மீனும், சில வேளைகளில் நோயாளியும், இவ்வண்டிகளிலேயே சென்றனர். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபொழுது, ஏனைய மாவட்டத்தாரும் பழைய வண்டிகளைத் தூசிதட்டினர். விறகு ஏற்றுவோர் அறிந்த விதியே பயணிக்கும் விதி: பாரம் பின் கரியரின் இரு புறமும் சரிசமனாக, இயன்றவரை தாழ்வாகத் தொங்கவேண்டும். கைபிடியிலே பை தொங்குமானால் முன்சில்லு சொல்வழி கேளாது. மாற்று ரியூப் ஒன்று, ஒட்டுத் துண்டும் பசையும், காற்றடிக்கும் பம்பு, திருகு சாவி, சிறு புட்டியில் எண்ணெய். இவை உடையைவிட முக்கியமானவை. ஒட்டுப் போடும்பொழுது பசை தடவியவுடன் துண்டை அமுக்கிவிடுவோரின் ரியூப் மீண்டும் காற்றிழக்கும். ரியூபை உரசி, பசை தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டவேண்டும். ரயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடி எடுக்காதவர் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை.

முதல் நாள் விடியுமுன் புறப்படவேண்டும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை செல்லும் ஏ-35 வீதியிலேயே முரசுமோட்டை அமைந்துள்ளது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்கள் இருமருங்கும் விரியும். காலபோக அறுவடை நடக்கும் நாட்களாயின் வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். வண்டி நடு வீதிக்கு ஒதுங்கவேண்டிவரும். ஆதலின் பின்னால் வரும் பாரவூர்திக்குச் செவி கொடுத்துச் செல்லல் நன்று. நாகதம்பிரான் கோயில் கொண்ட புளியம்பொக்கணை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என ஊர்கள் அணித்தணித்தே வருவதால் தண்ணீருக்கும் தேநீருக்கும் குறைவில்லை. தாகம் எடுக்குமுன்னரே குடிப்பது முறை. மணிக்கு அரை லீற்றருக்குக் குறையலாகாது.

புதுக்குடியிருப்பு தாண்டியபின் வீதி முள்ளிவாய்க்கால் வழியே செல்கிறது. 2009 ஜனவரி தொடக்கம் மே வரை இலட்சக்கணக்கான மக்கள் இவ்வீதி வழியாகவே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, ஈற்றில் இக்கரையிலே ஒடுங்கினர். உழவு இயந்திரம் இருந்தோர் அதில்; இல்லாதோர் துவிச்சக்கரவண்டியின் கரியரிலே பாயையும் பானையையும் கட்டி, பிள்ளையைச் சட்டத்தில் இருத்தி, தள்ளிக்கொண்டே சென்றனர். பலர் திரும்பவில்லை. ஐம்பது கிலோமீற்றரை ஒரு காலைப்பொழுதிலே கடக்கும் பயணி, அத்தூரத்தை மாதக்கணக்கில் கடந்தவர்களின் வழியிலே செல்கிறார் என்பதை அறிந்து செல்வது தகும். ஓய்வெடுக்க நிற்பவர் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கலாகாது. மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை காணப்படும் இடம் எதுவாயினும் அது கண்டிப்பாக விலக்கத்தக்கது.

நந்திக்கடல் கடலோடு கலக்குமிடத்து வட்டுவாகல் பாலம் தாழ்ந்ததும் ஒடுங்கியதுமாகும். வெள்ளம் பெருகினால் நீர் மேலேறக்கூடிய இடமாதலால், அதன் நிலையைப் புதுக்குடியிருப்பிலேயே விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. அதனைக் கடந்தால் முல்லைத்தீவு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அழித்த பட்டினம் அது. நண்பகலுக்கு முன்னரே அடைந்துவிட்டால் எஞ்சிய பொழுது முழுவதும் ஓய்வுக்கே உரியது. உடலில் இன்னும் வலு இருக்கிறதே என்று மேலும் செல்ல விழைவதுதான் தனிப்பயணியின் பெருஞ் சோதனை. கூட வருபவர் இருந்தால் அவர் களைப்பைப் பார்த்தாவது நிற்கலாம். தனியாளுக்கு அப்படிப்பட்ட தடையேதும் இல்லை.

இரண்டாம் நாட் பாதை வேறு இயல்பினது. தண்ணீரூற்று, முள்ளியவளை வரை ஊர்ப்புறம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இப்பகுதியிலேயே உள்ளது. வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரளும். ஏறத்தாழப் பாதி வழியில் ஒட்டுசுட்டான். தான்தோன்றீசுவரர் எழுந்தருளிய தலம். அதற்கு அணித்தான கற்சிலைமடுவிலே, 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியன் ஆங்கிலேயத் தளபதி வொன் டிரிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டான் என்னும் செய்தியைப் பொறித்த கல் நாட்டப்பட்டிருந்தது. வென்றவர் நாட்டிய கல்லே தோற்றவனின் பெயரை ஊராருக்கு நினைவூட்டி வந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கை.

ஒட்டுசுட்டானிலே இரண்டு போத்தல் தண்ணீரையும் நிரப்பாமல் நகரலாகாது. அப்பால் மாங்குளம் வரை காடு செறிந்த வழி. கடைகள் அரியன. யானைகள் வீதியைக் கடப்பது மாலையிலும் விடியலிலும் ஆதலின், பிற்பகல் மூன்று மணிக்குமேல் இக்காட்டு வழியில் அகப்படலாகாது. யானையைக் கண்டால் மணியடிப்பதோ விரைந்து கடக்க முயல்வதோ கூடாது. நின்று, திரும்பி, வாகனம் ஒன்று வரும்வரை தூரத்தில் காத்திருத்தலே வழி. இரண்டாம் நாள் மதியத்திலேதான் பெரும்பாலோர்க்கு மனம் சோர்கிறது. புறப்பட்ட உற்சாகம் தீர்ந்திருக்கும், திரும்பும் மகிழ்ச்சி தொடங்கியிராது, பேச்சுத்துணையும் இல்லை. அச்சோர்வின் பெரும் பகுதி பசியே. ஒரு கதலி வாழைப்பழமும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் அரை மணி நேரத்தில் அதனை மாற்றிவிடும்.

மூன்றாம் நாள் ஏ-9 வீதி. வழி நேரானது, தரை செவ்வியது, ஆனால் பேருந்துகளின் வேகம் அச்சந்தருவது. ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறமாகவே செல்லவேண்டும். கொக்காவிலில் 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் உயர ஒலிபரப்புக் கோபுரம் நெடுந்தூரம் கண்ணிற்படும். எவ்வளவு மிதித்தும் அது அணுகவில்லை என்று தோன்றுவது சமதரைப் பயணத்தின் மாயங்களுள் ஒன்று. முறிகண்டிப் பிள்ளையார் முன் எல்லா வாகனங்களும் நிற்கும். பயணியும் நின்று, வறுத்த கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு செல்வது அவ்வீதியின் மரபு. கிளிநொச்சி கடந்து பரந்தன் சந்தியிலே வலப்புறம் திரும்பினால் முரசுமோட்டைக்குச் சில கிலோமீற்றர்களே.

வந்து சேர்ந்த அன்றே வண்டியைச் சாத்தி வைத்துவிடுதல் கூடாது. வட்டுவாகலிலும் முல்லைத்தீவிலும் பட்ட உப்புக்காற்று செயினை ஒரு கிழமைக்குள் துருவேற்றும். நன்னீரால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலிலே உலர்த்தி, கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் விடவேண்டும்.