ஈயப் பெட்ரோலும் ஒரு சர்க்கார் கணக்கும்

ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காக்கச் சர்க்கார் விதிக்கும் கட்டுப்பாடு எதற்கும் ஒரு செலவு உண்டு. அதை முதலில் ஆலைக்காரர் கொடுத்தாலும், முடிவில் சரக்கு வாங்குகிறவன் தலையிலேதான் விடியும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகவே, பெரிய விதி எதுவானாலும் அதன் பிரயோஜனம் செலவைவிட மிகுதி என்று காட்டியாக வேண்டுமென 1981-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் உத்தரவிட்டபோது, சுற்றுச்சூழல் சட்டங்களின் கையைக் கட்டவே இது வந்ததென்று அஞ்சியவர்கள் பலர். ஈயம் கலந்த பெட்ரோல் விஷயத்திலோ நேர்மாறாக நடந்தது.

எஞ்சினின் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் ஒலியை அடக்க 1921-இல் கண்டறியப்பட்ட அந்த ஈயச் சேர்மானம், வாகனப் புகையோடு வெளிவந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. 1976 முதல் 1980 வரை தேசமெங்கும் நடந்த பரிசோதனைகளில், பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய இரத்தத்திலும் அது கூடவே குறைந்து, 37 சதவீதம் இறங்கியிருந்தது.

இந்த ஆதாரத்தைக் கையிலெடுத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் ஜோயல் ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும் கணக்குப் போட்டார்கள். ஈயத்தை அநேகமாக அகற்றினால் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவு; குழந்தைகளின் வைத்தியச் செலவு, விசேஷப் போதனைச் செலவு, ஈயம் அரித்த ஸ்பார்க் பிளக், சைலன்சர் முதலியவற்றை மாற்றும் செலவு இவையெல்லாம் மிச்சமாவதைக் கூட்டினால் அதைப்போல் மூன்று மடங்கு. ஆண்களின் இரத்த அழுத்தம் தணிவதையும் சேர்த்தால் பத்து மடங்குக்கும் மேல். மழுங்கிப்போன ஒரு குழந்தையின் புத்திக்கு என்ன விலை என்பதை அந்தக் கணக்கு தொடவே இல்லை. அவ்வளவு சிக்கனமாகப் போட்டும் தராசு ஒரே பக்கம் சாய்ந்தது என்பதுதான் என் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி.

ஒரு கேலன் பெட்ரோலுக்கு 1.1 கிராம் வரை அனுமதித்திருந்த ஈயம், 1986 ஜனவரி முதல் 0.1 கிராமாகக் குறைக்கப்பட்டது. வரம்புக்கும் கீழே குறைத்த ஆலை, மிச்சமான தன் உரிமையைத் தடுமாறும் ஆலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று 1987 முடிய இடமளித்ததும் விவேகமான ஏற்பாடே. சிறிய ஆலைகளுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது, ஆனால் இலக்கு தளரவில்லை.

சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் 1995-இலும், இந்தியா முழுவதும் 2000-இலும் வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021-இல். அந்தக் கணக்கு வெளியாகி அதற்குள் முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.