அன்று கண்ட ஆட்டம்

அதிராம்பட்டினத்து உப்பளங்களைத் தழுவிவரும் கடற்காற்று மாலையில் வீசத் தொடங்கியதும், உதைபந்தாட்டம் காண மைதானத்திற்கு ஓடிய சிறுவருள் நாமும் இருந்தோம். கோல் கம்பங்களின் பின்னே மணலிற் குந்தியிருந்து, மஃரிபு பாங்கொலி கேட்குமுன் ஆட்டம் முடிந்துவிடுமே என ஏங்கி நோக்கிய நாட்கள் பல. அவற்றுள் ஒரு நாளை மட்டும் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அன்று இறுதி நிமிடங்களில் நம்மூர்க் கட்சியார் ஒரு கோல் போட்டனர். நடுவர் ஊதலை ஊதி, ‘ஆப்சைடு’ என்று அதனைத் தள்ளிவிட்டார், நம்மவர் தோற்றனர். நடுவரோ நம்மூர்ப் பெரியவர் ஒருவரே. அவர் வீடு திரும்புகையில் பின்தொடர்ந்து கைகொட்டிக் கூவிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். அவர் திரும்பியும் பார்த்திலர். பல்லாண்டு கழிந்தும், அயல்நாடு சென்று மீண்ட நண்பர்கள் கூடுந்தோறும், ‘அவர் நம்மை வஞ்சித்தார்’ என்றே பேசி வந்தோம்.

இஃது உண்மையா? முதலில் விதியை நோக்குவோம். எதிரியின் பாதியில் நிற்கும் ஆட்டக்காரன், பந்தையும் எதிரிகளுள் கடைசிக்கு முந்தியவனையும் கடந்து கோற்கோட்டினை அணுகி நின்று ஆட்டத்திற் கலந்துகொள்வானாயின், அது ஆப்சைடு ஆகும். 1925 வரை மூன்று எதிரிகள் கணக்கிடப்பட்டனர். அவ்வாண்டில் அத்தொகை இரண்டாயிற்று. 1990 முதல் நேர்கோட்டில் நிற்றல் குற்றமன்று. ஆயினும் மாறாத நுட்பம் ஒன்றுண்டு: தோழன் பந்தை உதைக்குங் கணத்தில் அவன் நின்ற இடமே கணக்கு, பந்து அவனை அடையும் இடமன்று.

நெடுந்தூரம் உதைத்த பந்து வந்து சேர இரண்டு நொடியாகும். அதற்குள், விரைந்தோடும் காவலன் ஏறத்தாழ 14 மீட்டர் பின்வாங்கி விடுவான். சிறுவராகிய நம் கண்களோ பந்தையே தொடர்ந்தன. பந்து வந்தபின் காவலரை நோக்கி, ‘இருவர் இருக்கின்றனரே!’ என்றோம். மேலும், கோலின் பின்னிருப்பார்க்கு முன்நிற்பவன் யாவன், பின்நிற்பவன் யாவன் என்பது விளங்காது. அதனாலன்றோ கொடி பிடிப்பவரைப் பக்கக் கோட்டிலே நிறுத்துகின்றனர்? அவர்க்கும் ஐயம் எழுதலின், 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஒளிப்படக் கருவியின் துணையை நாடினர்.

நினைவும் நம்பத்தக்கதன்று. அக்கோல் தலையால் இட்டதென்பார் ஒரு நண்பர். வலக்காலால் என்பார் மற்றொருவர். நினைவென்பது பெட்டியில் வைத்த ஓலையன்று, நினைக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது எனக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பார்ட்லெட் 1932இல் தம் நூலில் விளக்கினார். நம் சினமும் அக்கட்டடத்திற்கு ஒரு செங்கல்லாயிற்று.

நடுவர் பிழைத்தும் இருக்கலாம். ஆயின் வஞ்சித்தார் என்பதற்கு நம்பால் யாதொரு சான்றும் இல்லை. அப்பெரியவர் இன்று இலர். பொறுத்தருள்க என வேண்டவும் வழியில்லை.

சென்ற விடுமுறையில் அம்மைதானத்திற்குச் சென்றோம். கோலின் பின்னிருந்த சிறுவர் நடுவரை ஏசிக்கொண்டிருந்தனர். அவருள் இருவரைப் பக்கக் கோட்டருகே அழைத்துச்சென்று, ‘பந்தைப் பாராதீர், உதைக்கும் ஓசை கேட்டதும் கடைசிக் காவலரைப் பாருங்கள்’ என்றோம். சற்று நேரத்தில் ஊதல் ஒலித்தது. ஒருவன் நம்மைத் திரும்பி நோக்கி, ‘ஆமாம் காக்கா, ஆப்சைடுதான்’ என்றான்.