நாய் அதேதான்... எஜமான்தான் வேறு!

அமெரிக்காவில் ஒருவர் நல்ல திடகாத்திரமாக இருந்தால், 'ஆள் மேக் லாரி மாதிரி இருக்கிறார்' என்பார்கள். அவ்வளவு பேர் பெற்ற லாரி அது. அதன் போனட்டின் மேல் ஒரு புல்டாக் நாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். முதல் உலகப் போரில் சேற்றிலும் பள்ளத்திலும் சளைக்காமல் பாரம் இழுத்த மேக் லாரியைப் பார்த்து, பிரிட்டிஷ் படைவீரர்கள்தாம் 'புல்டாக்' என்று முதலில் செல்லப் பெயர் வைத்தார்கள் என்பது வழங்கிவரும் கதை. 1932-ல் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஆல்பிரட் மசூரி, மருத்துவமனையில் படுத்திருந்த நாள்களில் தம் கையாலேயே செதுக்கிய நாய் உருவம்தான் பிறகு லாரியின் தலையில் ஏறி உட்கார்ந்தது.

நாய் அமெரிக்க நாய்தான். ஆனால் அதன் கழுத்துப் பட்டை யார் கையில் இருக்கிறது தெரியுமா? சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் கையில்!

மேக் மட்டுமா? அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அதிகம் கண்ணில் படும் ஃபிரெய்ட்லைனர் லாரியும், அதற்குள் இருக்கும் டெட்ராய்ட் எஞ்சினும் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தைச் சேர்ந்தவை. உழவர்களுக்கு அறுவடை இயந்திரம் செய்து கொடுத்துப் புகழடைந்த இன்டர்நேஷனல் இன்று ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் இருக்கிறது. உலகுக்கே மோட்டார் வாகனம் செய்து காட்டிய நாட்டின் கனரக லாரித் தொழில் எப்படிக் கைமாறியது? அந்தக் கதையில் உழைப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

எஞ்சின்தான் உயிர்

லாரிக்கு உடல் இரும்பு, உயிர் எஞ்சின். வண்டியும் பாரமுமாகச் சுமார் 36 டன் எடையை மலையேற்ற வேண்டுமே! அமெரிக்காவில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஒருவரிடம் லாரி வாங்குவார்கள். அதற்குள் யார் எஞ்சினைப் பொருத்த வேண்டும் என்று வாங்குபவரே சொல்லுவார். 'பீட்டர்பில்ட் லாரி, கம்மின்ஸ் எஞ்சின்' என்பார் ஒருவர். 'கென்வர்த் லாரி, கேட்டர்பில்லர் எஞ்சின்' என்பார் இன்னொருவர். அதனால் எஞ்சின் மட்டுமே செய்யும் பெரிய தொழிற்சாலைகள் தழைத்தன. மேக் கம்பெனியோ லாரி, எஞ்சின் இரண்டையும் தானே செய்து, 'எல்லாம் எங்கள் கைவேலை' என்று மார்தட்டியது.

இவர்களில் கம்மின்ஸின் பிறப்பு சுவையானது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் வங்கி முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டியவர். டிரைவர்தான்; ஆனால் இயந்திர மூளை! அவருடைய கைத்திறனை நம்பி அந்த முதலாளி பணம் போட, 1919-ல் கம்பெனி பிறந்தது. முதல் இலாபத்தைப் பார்க்க 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! இடையில் 1931-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் கார்ப் பந்தயத்தில் ஒரு டீசல் காரை இறக்கினார் கிளெஸ்ஸி. அது 13-ஆவதாகத்தான் வந்தது. ஆனால் எரிபொருள் நிரப்ப ஒரு தடவைகூட நிற்காமல் 500 மைலையும் ஓடி முடித்தது. டீசலின் சிக்கனத்தை ஊரே கண்ணால் பார்த்தது.

டெட்ராய்ட் டீசலோ பணக்கார வீட்டுப் பிள்ளை. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-ல் தொடங்கிய பிரிவு அது. மற்ற எஞ்சின்கள் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடித்தால், இதன் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வெடித்துச் சக்தி கொடுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் டாங்கிகளில் ஒரு வகைக்கு இந்த எஞ்சின்களை இரட்டையாகப் பூட்டினார்கள். படைகளைக் கரையிறக்கும் படகுகளையும் இவை ஓட்டின. போர் முடிந்ததும் லாரிகளிலும் பேருந்துகளிலும் இதன் வீறிடும் ஓசை கேட்கத் தொடங்கியது.

சறுக்கல் எங்கே தொடங்கியது?

1973-லும் 1979-லும் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. எண்ணெயைத் தாராளமாகக் குடித்த எஞ்சின்கள் சுமையாயின. 1980-ல் அமெரிக்க அரசு லாரிப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் லாரித் தொழிலில் இறங்கலாம் என்ற நிலை வந்தது. போட்டி முற்றியது, சரக்குக் கூலி சரிந்தது. கூலி குறைந்ததும் லாரி முதலாளிகள் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்த்தார்கள். அத்தோடு பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, புது லாரி விற்பனை படுத்துவிட்டது.

முதலில் விழுந்தது கிளீவ்லாந்து நகரின் ஒயிட் மோட்டார் கம்பெனி. 1980-ல் திவாலானது; 1981-ல் வால்வோ அதை வாங்கியது. அதே 1981-ல் டைம்லர்-பென்ஸ் ஃபிரெய்ட்லைனரை வாங்கியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் 172 நாள் மல்லுக்கட்டின. 1979 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1980 ஏப்ரலில்தான் முடிந்தது. அந்தக் காயத்திலிருந்து பழைய கம்பெனி மீளவே இல்லை. உழவு இயந்திரப் பிரிவை விற்றுவிட்டு, 1986-ல் நேவிஸ்டார் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

மேக் கம்பெனிக்குள் பிரான்சின் ரெனோ மெல்ல நுழைந்தது. 1979-ல் சிறு பங்கு வாங்கி, படிப்படியாக ஏறி, 1990-ல் முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டது. பிறகு ரெனோவின் லாரிப் பிரிவையே வால்வோ வாங்கியபோது, 2001-ல் மேக்கும் வால்வோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே நாய்க்கு இரண்டு தடவை எஜமான் மாற்றம்!

பெரிய கார்க் கம்பெனிகளும் கையை உதறின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கனரக லாரித் தொழிலை வால்வோவுடன் கூட்டில் விட்டது. ஃபோர்டு 1997-ல் தன்னுடையதை ஃபிரெய்ட்லைனருக்கு விற்றது.

ஆக, அயல்நாட்டார் கத்தியைக் காட்டிப் பறித்துக்கொண்டு போகவில்லை. சொந்த முதலாளிகள் பணம் போட மனமின்றி அல்லது வழியின்றி நின்றபோது, பணமும் பொறுமையும் உள்ளவர்கள் வந்து வாங்கினார்கள். வாங்கியவர்களிடம் ஐரோப்பாவில் நல்ல எஞ்சின் ஏற்கெனவே இருந்தது. அதையே அமெரிக்க லாரியிலும் பொருத்தினால் செலவு மிச்சம். 'எஞ்சினை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்' என்ற பழைய வழக்கம் மெல்லச் சுருங்கியது. எஞ்சினை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுக்குச் சந்தை சிறுத்தது.

பிழைத்தெழுந்த ஒரு தொழிற்சாலை

ஆனால் விழுந்ததெல்லாம் எழாமல் போய்விடவில்லை. டெட்ராய்ட் டீசலின் விற்பனை 1980-களில் அதலபாதாளத்துக்குப் போனது. நூறு கனரக லாரி விற்றால், அதில் மூன்று நான்கில்தான் அதன் எஞ்சின் இருந்தது. 1988-ல் கார்ப் பந்தயக் குழு முதலாளி ரோஜர் பென்ஸ்கி அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். கம்பெனியின் கையில் அப்போது ஒரு புதையல் இருந்தது. 1987-ல் வெளிவந்த 'சீரிஸ் 60' என்னும் எஞ்சின்தான் அது. எவ்வளவு டீசலை, எந்த நொடியில் தெளிப்பது என்பதை மின்னணு மூளையே முடிவு செய்தது. கனரக லாரிகளில் அப்படி வந்த முதல் எஞ்சின் அது.

பென்ஸ்கி வாடிக்கையாளர்களைத் தேடிப் போனார். தொழிலாளர்களோடு நேரில் பேசினார். சில ஆண்டுகளில் சந்தையில் சுமார் கால் பங்கு திரும்பி வந்தது. அதே ஊர், அதே கூரை. மாறியது முதலாளியின் அக்கறை ஒன்றுதான். 2000-இல் அந்தக் கம்பெனியையும் டைம்லர் வாங்கிக்கொண்டது என்பது வேறு கதை.

புகை கேட்ட விலை

அடுத்த அடி புகையிலிருந்து வந்தது. எஞ்சினுக்குள் சூடு கூடினால் எண்ணெய் மிச்சமாகும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற கேடான வாயு அதிகமாகும். சூட்டைக் குறைத்தால் வாயு குறையும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். இந்த இக்கட்டில் கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. அரசாங்கச் சோதனையில் எஞ்சின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்; நெடுஞ்சாலையில் ஏறியதும் மின்னணு மூளை கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும்! இது வெளிப்பட்டு, 1998-ல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வால்வோ ஆகிய ஏழு கம்பெனிகளும் அமெரிக்க அரசுடன் சமரசத்துக்கு வந்தன. அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர். புது எஞ்சின் செய்வது முதலான மற்றச் செலவுகளையும் சேர்த்தால் சுமார் 100 கோடி டாலர்!

அதன்பின் 2007-லும் 2010-லும் விதிகள் இன்னும் இறுகின. ஒவ்வொரு விதிக்கும் புது எஞ்சின் வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். உலகமெங்கும் லாரி விற்கும் கம்பெனி அந்தச் செலவைப் பல நாடுகளில் பங்கு போட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும் விற்பவர் என்ன செய்வார்?

கேட்டர்பில்லரின் மஞ்சள் எஞ்சின் என்றால் லாரிக்காரர்களுக்கு உயிர். 'நெடுஞ்சாலை லாரி எஞ்சின் இனி வேண்டாம்' என்று 2008-ல் அந்தக் கம்பெனி அறிவித்துவிட்டு விலகியது. அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. அதுவாகவே கடையை மூடியது.

நேவிஸ்டார் வேறு வழியில் போனது. மற்றவர்கள் எல்லாரும் புகைக்குழாயில் யூரியா கரைசலைத் தெளித்து வாயுவை முறித்தார்கள். ஆமாம், நாம் செம்பனைக்கும் ரப்பருக்கும் உரமாகப் போடும் அதே யூரியாதான். தூய்மை மட்டும் கூடுதல். நேவிஸ்டார் மட்டும் 'யூரியா வேண்டாம்' என்று தனியே நின்றது. எஞ்சின் அரசு விதியை எட்டவில்லை. லாரிகள் பழுதாகித் திரும்பித் திரும்பிப் பட்டறைக்கு வந்தன. 2012-ல் கம்பெனி பிடிவாதத்தைக் கைவிட்டு, கம்மின்ஸிடம் எஞ்சின் வாங்கத் தொடங்கியது. அதற்குள் பெயரும் பணமும் கரைந்துவிட்டன. 2021 ஜூலை 1-ஆம் நாள், ஃபோக்ஸ்வாகனின் லாரிப் பிரிவான டிரேட்டன் சுமார் 370 கோடி டாலருக்கு அதை முழுவதும் வாங்கிக்கொண்டது.

விற்காமல் நின்றவர்கள்

கம்மின்ஸ் இன்றும் தனித்து நிற்கிறது. 1980-களில் ஜப்பானிய எஞ்சின்கள் நுழையப் பார்த்தபோது, அது தன் விலையையே பெரிதும் குறைத்து வாசலை அடைத்தது. அதனால் இலாபம் போனது. ஆனால் இடம் நிலைத்தது. 1989-ல் பிரிட்டனின் ஹேன்சன் கம்பெனி அதன் பங்குகளை வாங்கிக் குவித்தபோது, முதல் முதலாளியின் வழிவந்த மில்லர் குடும்பம் சுமார் 7 கோடியே 20 லட்சம் டாலர் சொந்தப் பணத்தைக் கொட்டி அவற்றை மீட்டது. கொலம்பஸ் ஊரின் பள்ளிக்கூடங்களை நல்ல கட்டடக் கலைஞர்களைக் கொண்டு அமைக்க, அவர்களுக்குரிய ஊதியத்தைக் கம்மின்ஸ் அறநிதியே கொடுத்துவந்தது. ஊரில் வேர் விட்ட முதலாளி!

அதற்காக அதைப் புனிதர் என்று சொல்லிவிட முடியாது. சிறு லாரி எஞ்சின்களில் புகைச் சோதனையை ஏமாற்றியதாக எழுந்த வழக்கில், 167 கோடி டாலருக்கும் அதிகமாகக் கட்ட 2023 டிசம்பரில் அது ஒப்புக்கொண்டது.

கென்வர்த், பீட்டர்பில்ட் லாரிகளின் சொந்தக்காரரான பக்கார் கம்பெனியும் அமெரிக்காவுடையதே. அது 1996-ல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனியை வாங்கி, அந்த டச்சு எஞ்சினையே 2010 முதல் மிசிசிப்பி மாநிலத்தில் செய்கிறது. ஆக, வாங்கவும் தெரிந்திருந்தால் விற்க வேண்டியதில்லை.

தொழிலாளியின் கதி என்ன?

நமக்கு இதுதானே முக்கியம்? முதலாளி அந்நியன் என்றதும் வேலை போய்விடும் என்று பயப்படுவது இயல்பு. நடந்ததைப் பாருங்கள். மேக் கம்பெனி 1987-ல் ஆலன்டவுன் ஊரிலிருந்து லாரி கட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தென் கரோலினாவின் வின்ஸ்பரோவுக்குக் கொண்டு போனது. காரணம், அங்கே கூலி குறைவு. தொழிற்சங்கத்தின் பிடியும் இல்லை. அப்போது கம்பெனி முழுவதும் அந்நியர் கைக்குப் போயிருக்கவில்லை! வால்வோ வந்தபின் 2002-ல் மூடியது அந்தப் புதுத் தொழிற்சாலையைத்தான். பென்சில்வேனியாவின் மக்குஞ்சியிலும் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனிலும் வேலை நிலைத்தது. ஆனால் 2009-ல் தலைமையகம் ஆலன்டவுனை விட்டுப் போய்விட்டது. அந்த ஊர் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

கூலிப் போராட்டமும் ஓயவில்லை. 2019-ல் சுமார் 3,500 மேக் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023-ல் தொழிற்சங்கத் தலைவர்கள் பேசி முடித்த ஒப்பந்தத்தை 73 விழுக்காட்டினர் 'போதாது' என்று தள்ளிவிட்டு, ஐந்து வாரத்துக்கு மேல் வெளியே நின்றார்கள். 2024-ல் டைம்லரின் 7,300 தொழிலாளர்கள், வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த கடைசி நேரத்தில், நான்கு ஆண்டுகளில் குறைந்தது 25 விழுக்காடு ஊதிய உயர்வைப் பெற்றார்கள். ஜெர்மன் முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல அது; ஒற்றுமை பெற்றுத் தந்தது.

இந்தக் கதை நமக்கும் புதிதல்ல. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலையில், இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியின் பிடி பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் கைக்கு மாறியது. நாடே பெருமைப்பட்ட நாள் அது. ஆனால் மறுநாள் காலைப் பிரட்டில் அதே பெயர்களைத்தான் கூப்பிட்டார்கள். அதே மரத்தில்தான் கத்தி வைத்தார்கள்.

முதலாளியின் நிறமும் நாடும் மாறலாம். அவர் தொழிலில் பணத்தைத் திருப்பிப் போடுகிறாரா, இல்லை கறந்துகொண்டு போகிறாரா என்பதுதான் வேலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்கு என்ன கூலி என்பதைத் தீர்மானிப்பது, உழைப்பவர்கள் சேர்ந்து நிற்கிறார்களா என்பதே. பெயர்ப்பலகையைப் பார்த்து மகிழவோ அழவோ வேண்டாம். பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்!