உணவுச் செய்தியும் அளவும்

இன்று நஞ்செனப்படும் உணவே நாளை அமுதெனப் போற்றப்படுகின்றது. மக்களின் இம்மயக்கத்துக்கு, விஞ்ஞான முடிவுகளை எடுத்துரைக்கும் மொழியே பெரும்பாலும் காரணமாகின்றது.

ஓர் உதாரணம் காண்போம். 2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், உலக சுகாதார தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உப்பிட்டும் புகையூட்டியும் பதனிட்ட இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்னும் முதலாந் தொகுதியிற் சேர்த்தது. புகையிலையும் அத்தொகுதியிலேயே உள்ளது. உடனே பத்திரிகைகள் பல இரண்டினையும் ஒருதரமாக வைத்து எழுதின. ஆனால், தொகுதி என்பது சான்றின் உறுதியைக் குறிப்பதேயன்றிக் கேட்டின் அளவைக் குறிப்பதன்று. நாகத்துக்கும் குளவிக்கும் நஞ்சுண்டு என்பது உறுதி. அதனால் இரண்டும் ஒக்குமோ?

நாள்தோறும் அவ்விறைச்சியை 50 கிராம் உண்டால் பெருங்குடல், மலக்குடற் புற்றுநோய் நூற்றுக்கு 18 வீதம் மிகும் என்றும் அந்நிலையம் கூறிற்று. நூற்றுவருள் பதினெண்மர் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. உண்ணாத 100 பேருள் 6 பேருக்கு அந்நோய் வருமாயின், உண்ணும் 100 பேருள் ஏறக்குறைய 7 பேருக்கு வரும் என்பதே பொருள். கேடு உண்டு, அதன் அளவு இதுவாகும்.

அளவு கூறாது அச்சுறுத்தினால், ஒரே மாதத்தில் உடலை மெலிவிப்போம் என்பாருக்கு அவ்வச்சமே முதலாகின்றது. பொய்யச்சத்திற் சலித்தோர் ஈற்றில் மெய்யான எச்சரிக்கையையும் புறக்கணிப்பர். புகையிலையை விடுக என்னுஞ் சொல்லும் அவர் செவியில் ஏறாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உண்ணும் அளவையே பெரிதும் வற்புறுத்தினார். உணவுச் செய்தியைப் படிப்போரும், எவ்வளவு உண்டால், எத்தனை பேருக்கு, எதனோடு ஒப்பிட்டு என்னும் மூன்றினையும் வினாவுதல் வேண்டும். அவற்றைத் தெளிந்த தமிழில் எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும்.