மூன்று அங்குல மணல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கிடக்கிறது மம்சாபுரம். நெல், தென்னை, மாந்தோப்பு என்று பிழைக்கும் வட்டாரம். மலையில் ஒரே ராத்திரியில் கொட்டும் மழை, ஓடைகளில் காட்டாறாக இறங்கிக் கண்மாய்களுக்கு ஓடுகிறது. சரிவு குறைந்து வேகம் தணியும் இடத்தில் தண்ணீர் முதலில் இறக்கிவைப்பது பருமணலை. நுண்ணிய வண்டல் மிதந்துபோய்க் கண்மாயில் படியும். ஓடைக்கரை உடைந்தால் அடிவாரத்து வயலுக்குக் கிடைப்பது அந்தப் பருமணல்தான்.

பயிர் போனால் ஒரு போகம் நட்டம். மணல் மூடிய நிலத்தின் கதை வேறு. பருமணலில் தண்ணீர் நிற்காது, உரச்சத்தும் தங்காது. போட்ட விதை இரண்டே நாள் வெயிலில் காய்ந்துபோகும். அடியில் புதைந்த களிமண்ணோ நீர் வடியாமல், காற்றோட்டமில்லாமல் கிடந்து வேரை அழுகவைக்கும். படிவு மெலிதாக இருந்தால் உழுது கலந்துவிடலாம். கனமாக இருந்தால் அள்ளித்தான் ஆகவேண்டும்.

இதற்கு அரசு பணம் தருகிறதா? தருகிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த 2022-26 காலத்து விதிகளில், பயிர் இழப்புக்கான தொகையோடு இன்னொரு வரியும் இருக்கிறது. விளைநிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. ஆறு தடம் மாறியோ நிலச்சரிவிலோ நிலத்தின் பெரும்பகுதியே போய்விட்டால், சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு ரூ.47,000.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 3 அங்குலம் என்றால் 10,890 கன அடி. மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக, சுமார் 109 யூனிட். டிராக்டர் டிப்பரில் ஏறக்குறைய ஒரு யூனிட் ஏற்றலாம் என்று வைத்தால் 109 நடை. ஏக்கருக்குக் கிடைக்கும் உதவி சுமார் ரூ.7,300. நடை ஒன்றுக்கு 67 ரூபாய்! ஜேசிபி வாடகை, டீசல், ஓட்டுநர் கூலி எல்லாம் இதற்குள் அடங்கவேண்டுமாம்.

மாந்தோப்புக்கும் இதே கதி. பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.22,500. பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஹெக்டேருக்கு 100 மரம், மரத்துக்கு ரூ.225. சாய்ந்த மரத்தின் இடத்தில் நட்ட கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை வயல்கள் பல மணல்மேடாயின. அப்போதும் ஊரெங்கும் பேச்சு பயிருக்கு எவ்வளவு என்பதாகவே இருந்தது.

அமெரிக்காவில் சேதமான விளைநிலத்தைச் சீர்படுத்தவென்றே 1978-இல் சட்டம் போட்டு ஓர் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கிறார்கள். குப்பைகூளம் அகற்ற, நிலம் சமன்செய்ய, வேலி திருத்த, வறட்சியில் மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர என்று ஆகும் செலவில் 75 சதவீதம் வரை அரசு ஏற்கும். வசதி குறைந்தவர்களுக்கு 90 வரை. அங்கும் பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டாக வேண்டும். ஆனால் உதவி உண்மைச் செலவை ஒட்டி நகர்கிறது. நம் விதிக்கு வேண்டிய திருத்தமும் அதுதான்.

மணலை அள்ளிய பிறகு மண்ணுக்கு உயிரூட்டக் கண்மாய் வண்டல் இருக்கிறது. விவசாயிகள் அதை இலவசமாக எடுக்க, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். வயலில் விழுந்த மணலை மட்டும் லாரியில் ஏற்றி விற்றுவிட முடியாது; கனிம விதி குறுக்கே நிற்கும்.

ஆகவே வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். வயலில் நாலைந்து இடத்தில் குழி தோண்டி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண்ணைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் மனு கொடுங்கள். மனுவில் பயிரோடு மணலையும் எழுதுங்கள்.