பேஸ் கிடாரில் ஒரு ரிஷபம்

நமது சங்க விழாக்களில் மெல்லிசைக் குழுவின் பின்வரிசையில் நாலு தந்திக் கிடாரோடு நிற்பவன் அடியேன். "சார், நீங்க வாசிக்கிறது காதுலயே விழலியே!" என்று சொல்லாத அன்பர்கள் குறைவு. பேஸ் கிடாரை ஒழுங்காக வாசித்தால் அது தனியாகக் காதில் விழாது. தப்பாக வாசித்தால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். சென்ற ஆண்டு விழாவில் பார்த்தது.

அப்போது டென்ஷன், எக்ஸ்டென்ஷன் என்ற இரண்டையும் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த டென்ஷன் நாம் மாதக் கடைசியில் படுவதல்ல; எக்ஸ்டென்ஷனும் ஓய்வு பெறும் வேளையில் சிலருக்குக் கிடைக்கும் பணி நீட்டிப்பு அல்ல. சங்கராபரண ஸ்வரங்களில் ச, க, ப மூன்றையும் ஒன்றாக ஒலித்தால் அது மேஜர் கார்டு. அதே மாதிரி ஒன்று விட்டு ஒன்றாக ஏறிப் போனால் நி, பிறகு மேல் ஸ்தாயி ரி, ம, த. ச முதல் எண்ணினால் இவை 7, 9, 11, 13. இவை சேரும்போது கார்டுக்கு ஓர் ஏக்கம் வந்துவிடும். (மேஜர் கார்டில் ம மட்டும் க-வோடு உரசும், ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.)

புதிதாகப் படித்ததை மேடையில் காட்டாமல் இருக்க முடியுமா? அன்று பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடினாள். சி-தான் சட்ஜம். பல்லவியின் முதல் தட்டில் ச வாசிக்க வேண்டிய இடத்தில் நான் ஜம்பமாகப் பக்கத்து ரி-யை வாசித்தேன். கீபோர்டின் இடது கையிலோ அதே ஸ்தாயியில் ச. அந்த ச விநாடிக்குச் சுமார் 65 அதிர்வு, என் ரி சுமார் 73. அவ்வளவு கீழே இவ்வளவு நெருக்கமாக வந்தால் காதுக்கு இரண்டு ஸ்வரமாகக் கேட்காது, ஒரே உறுமல்தான். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கலைந்த மாதிரி, அந்தக் குழந்தைக்குக் கால் ஊன்ற சட்ஜம் இல்லாமல் போயிற்று. சுருதி விலகி, இரண்டு வரி தடுமாறி, கண் கலங்கிவிட்டாள். சபையோர் அவளைத்தான் குறை சொன்னார்கள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் விஷயத்தை நிதானமாக யோசித்தேன். காது எப்போதும் கீழே ஒலிக்கும் ஸ்வரத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. மோகனத்தின் ரி-யை சட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, க-வை வைத்தால் ஹிந்தோளம் என்று கிரக பேதத்தில் கேட்கிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். மேலே கீபோர்டு ச, க, ப பிடித்திருக்கட்டும். கீழே நான் த வாசித்தால் அது மைனர் ஏழாம் கார்டு. ம வாசித்தால், அந்த ம-வே ஆதாரமாகி, பழைய ச பஞ்சமமாகவும், க நிஷாதமாகவும், ப மேல் ரிஷபமாகவும் மாறிவிடும். கீபோர்டுக்காரர் விரலை அசைக்காமலே 7-ம் 9-ம் வந்துவிட்டன! இத்தனை அதிகாரம் உள்ள வாத்தியத்தில் முதல் தட்டிலேயே ரி-யை வைத்தால் அது ஒன்பதாவது ஸ்வரமாக நிற்காது. தானே அஸ்திவாரமாகப் பார்க்கும்.

ஒன்பதை ஒன்பதாகவே கேட்க வைக்க வழி உண்டு. தடித்த ஈ தந்தியின் 8-வது கட்டில் ச. அது காதில் நிலைத்த பிறகு, மெல்லிய ஜி தந்தியின் 7-வது கட்டில் மேல் ரி; சுமார் 147 அதிர்வு. இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான், உறுமல் இல்லை. க-வும் அப்படியே: கீழே கலங்கும், அதே தந்தியின் 9-வது கட்டில் தெளிவாக இருக்கும்.

1960-களில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டியவர். கார்டில் இல்லாத ஸ்வரங்களையும் போகிற போக்கில் தொட்டு, அடுத்த கார்டில் வந்து இறங்குவார். நம் இளையராஜா பாடல்களிலும் பேஸ் கீழே தனிப் பாட்டாகவே ஓடும். பாடுபவருக்கு இடைஞ்சல் இராது.

இந்த ஆண்டு ஒத்திகையில் அதே பெண், அதே பாட்டு. பல்லவி முழுக்க ச-வை விட்டு நான் அசையவில்லை. சரணத்துக்கு முன், அவள் மூச்சு வாங்கும் இடத்தில், மேலே அந்த ரி-யை ஒரே ஒரு முறை தொட்டேன். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பகீரென்றது. லேசாகச் சிரித்துவிட்டுச் சரணத்தை எடுத்தாள். சுருதி அப்படியே நின்றது.